காகிதப் பையும் பாக்கெட் சாராயமும்

என் அக்கா மகன் சென்னையில் படிக்கிறான். பொங்கலுக்கு வடக்கனந்தல் வந்தவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். "மாமா, இத நீ பாத்தே ஆவணும். போலீசும் பவுடர் விக்கிறவனும் மோதிக்கிற கதை. ஆனா நம்ம தெருவுல நடக்கிற மாதிரியே இருக்குது" என்றான். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். பெயர் 'தி வயர்'. 2002இலிருந்து 2008 வரை அங்கே ஓடியது. 60 பகுதிகள். அத்தனையும் பார்க்க எனக்கு ஏது நேரம்? "ஒண்ணே ஒண்ணு பாரு போதும்" என்று மூன்றாம் வரிசையின் இரண்டாம் பகுதியைப் போட்டான். 'ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று தலைப்பு. 2004 செப்டம்பரில் முதலில் ஒளிபரப்பானது. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சித்தியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சித்திக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. பையன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

அந்த ஒரு பகுதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை எழுத வேண்டுமானால் கருணாபுரத்தைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி அப்படியொன்றும் தூரமில்லை. 2024 ஜூனில் அங்கே என்ன நடந்தது என்பது நாட்டுக்கே தெரியும். திரையில் போலீசையும் போதையையும் காட்டும் எதைப் பார்த்தாலும் இனி எங்களுக்குக் கருணாபுரம் நினைவுக்கு வராமல் இருக்காது.

கதை நடக்கும் ஊர் பால்டிமோர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். ஆலைகளும் துறைமுக வேலையும் சுருங்கிப்போய், வீடுகள் பலகை அடித்துக் கிடக்கின்றன. தெருமுனைகளில் பையன்கள் நின்று போதைப்பொருள் விற்கிறார்கள். போலீஸ் வருகிறது, அடிக்கிறது, பிடிக்கிறது, போகிறது. மறுநாள் அதே முனையில் வேறு பையன்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர் நாளேட்டில் போலீஸ் செய்தி எழுதியவர். கூடச் சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் போலீஸ்காரராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியராகப் போனவர். அதனாலோ என்னவோ நம் படங்களில் வரும் பறக்கும் போலீஸ் இதில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் போலீஸ் இருக்கிறது.

கணக்கு என்று சொன்னது வேடிக்கைக்கு இல்லை. தலைமையகத்தில் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொரு பகுதி அதிகாரியையும் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, எத்தனை குற்றம் குறைந்தது என்று கேட்டு மானத்தை வாங்குகிறார்கள். குற்றம் நூற்றுக்கு ஐந்தாவது குறைய வேண்டும், இந்த ஆண்டுக் கொலை 275ஐத் தாண்டக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. எண் குறைந்தால் போதும்.

இந்தப் பகுதியில் டோசர்மேன் என்ற போலீஸ்காரன் வாங்குகிறவன் வேஷத்தில் போய்த் தெருவில் சில குப்பி போதைப்பொருள் வாங்கப் பார்க்கிறான். சுடப்படுகிறான். உயிர் தப்பிவிடுகிறான், துப்பாக்கி போய்விடுகிறது. சில குப்பிக்காக ஒரு ஆள் சாகப் பார்த்தானே என்பது மேஜர் கால்வினைத் தைக்கிறது. அவரும் கறுப்பினத்தவர். ஓய்வு பெறப்போகும் வயது. மறுநாள் தன் ஆட்களைக் கூட்டி ஒரு காகிதப் பையை எடுத்து முன்னால் வைத்துப் பேசுகிறார்.

அவர் சொல்வதன் சாரம் இது. பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஏழைக்கு உட்கார்ந்து குடிக்க வேறு இடம் கிடையாது, தெருமுனைதான் அவனுக்குக் கூடம். சட்டத்தை அப்படியே நிறைவேற்றப் போனால் போலீஸ் நாள் முழுக்கக் குடிகாரனைத்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் போலீசுக்கு மரியாதை இல்லை. இந்த நேரத்தில் எவனோ ஒருவன் பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு குடித்தான். பாட்டில் தெரியவில்லை, அதனால் சட்டம் மீறப்படவில்லை. அவனுக்குக் குடி, போலீசுக்கு மரியாதை. போலீஸ் உருப்படியான வேலையைப் பார்க்கப் போயிற்று. போதைப்பொருளுக்குத்தான் இப்படி ஒரு பை இதுவரை இல்லை என்கிறார் கால்வின். அதை நான் செய்யப் போகிறேன் என்பது சொல்லாமலே புரிகிறது.

நல்ல காட்சி. துப்பாக்கிச் சத்தம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. ஒரு மனுசன் நின்று பேசுகிறான், ஒரு நாட்டின் போலீஸ் முறை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சட்டம் என்பது புத்தகத்தில் ஒன்றாகவும் தெருவில் வேறொன்றாகவும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்படாத ஏற்பாடு ஒன்று ஓடுகிறது, போலீசின் அன்றாட வேலை அந்த ஏற்பாட்டைக் காப்பதுதான். இதைத் திரையில் இவ்வளவு வெளிப்படையாக ஒரு போலீஸ்காரன் வாயால் சொல்ல வைத்ததற்கு அந்த எழுத்துக்காரர்களைப் பாராட்ட வேண்டும்.

பையன் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். சித்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னது: "பையி பாட்ட மறைக்கலடா. போலீசுக்காரன் கண்ணத்தான் மறைக்குது. அவன் கண்ண மறைக்க யாரு காசு குடுத்தா, அதக் காட்டலியே?"

*

நம் படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். போதைக் கடத்தல் என்பது தமிழ் சினிமாவில் நல்ல வியாபாரம். 2013இல் வந்த 'சிங்கம் 2' படத்தில் போதைக் கடத்தல்காரனாக ஒரு கறுப்பின மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் ஊர்ப் போலீஸ் ஆப்பிரிக்கா வரை போய் அவனைப் பிடிக்கும். கொட்டகையில் விசில் பறந்தது. 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தங்கள் அமைப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுத்தைத் தேடிப் படித்தோம், மொழிபெயர்த்தோம். அந்த மக்களில் ஒருவனைத் தமிழ் சினிமா நமக்குக் காட்டியபோது இப்படித்தான் காட்டியது. அந்த நிறத்தைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நம் பையன்களும் இருந்தார்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

2019 தீபாவளிக்கு வந்த 'கைதி' இதைவிடக் கெட்டிக்காரப் படம். லோகேஷ் கனகராஜ் இயக்கியது. தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டாலும் எங்கள் தெருவில் பார்க்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். போலீஸ் 900 கிலோ கோகெய்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை மீட்க நினைக்கும் கும்பல், ஐ.ஜி. கொடுக்கும் விருந்தில் மதுவில் மருந்தைக் கலந்துவிடுகிறது. குடித்த அதிகாரிகள் எல்லாம் சுருண்டு விழுகிறார்கள். அவர்களை ஒரு லாரியில் அள்ளிப்போட்டு, சாவதற்குள் மருத்துவமனை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிறையிலிருந்து அன்றுதான் வெளிவந்த டில்லியை, மகளின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு தகப்பனை, கட்டாயப்படுத்தி லாரி ஓட்ட வைக்கிறார்கள். ராத்திரி முழுக்க லாரி ஓடுகிறது. வழியெல்லாம் தாக்குகிறார்கள். இவன் அடிவாங்கி, குத்துப்பட்டு, லாரியை விடாமல் ஓட்டுகிறான்.

இப்போது அந்தப் படத்தைக் கருணாபுரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

விஷம் கலந்த மதுவைக் குடித்தவர்கள் உயிருக்குப் போராடுகிறார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒரு லாரி, ஒரு வீரன், இரண்டரை மணி நேரப் படம். கொட்டகை மொத்தமும் "சீக்கிரம் போடா" என்று பதறுகிறது. குடித்துவிட்டுத்தானே விழுந்தார்கள், அதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் அதிகாரிகள், அவர்கள் குடி விருந்து. அதில் விஷம் கலந்தால் அது சதி.

கருணாபுரத்தில் குடித்தவர்கள் கூலிக்காரர்கள், பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் குடி ஒழுக்கக்கேடு. அதில் விஷம் கலந்தால் அது அவர்கள் விதி. செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்ச ரூபாய் அறிவித்தது. "குடிச்சிச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கே போட்டார்கள். 'கைதி'க்குக் கைதட்டியவர்களில் இப்படிக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

ஒரு படம் யாருடைய சாவைத் தடுக்க நம்மைத் துடிக்க வைக்கிறது என்பதைப் பார்த்தாலே அதன் அரசியல் தெரிந்துவிடும். 2022இல் வந்த 'விக்ரம்' படமும் போதையில்லாத சமூகம் என்று பேசுகிறது. அதிலும் போதைக்கு எதிரான போர் நாயகர்களின் வீட்டுத் துக்கத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. போதையில் அழியும் தெரு எங்கே இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேமரா திரும்பிப் பார்க்கவில்லை.

*

பால்டிமோர்க் காட்சிக்குத் திரும்புகிறேன். கால்வின் சொன்ன காகிதப் பை எங்களுக்குப் புதுசு இல்லை. என் சித்தப்பா கதையைச் சொன்னால் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. சாராயக் கடைகளை மூடிவிட்டிருந்த காலம். மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறங்கும். விற்கிறவன் யார், எங்கே விற்கிறான், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். மாசக் கடைசியில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வருவார். தெருவுக்குள் வரமாட்டார், புளியமரத்தடியில் நின்று ஆளைக் கூப்பிடச் சொல்லுவார். "இந்த மாசத்துக்கு ரெண்டு கேசு கொறையுது, ஆள அனுப்பு." விற்கிறவன் போகமாட்டான். அவன் எங்கள் தெருவில் வந்து கேட்பான். கரும்பு வெட்டு இல்லாத மாசம். "ஒரு நாள் கூலியும் சோறும் தரேன், அபராதத்த நான் கட்டிடறேன்" என்பான். சித்தப்பா போகும். கையில் ஒரு கேனைக் கொடுத்து எழுதிக்கொள்வார்கள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடும். 'கேசுக்குப் போறது' என்று அதற்குப் பெயர். களை வெட்டப் போறது, கேசுக்குப் போறது, எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லுவோம்.

சித்தப்பா ஒரு நாளும் சாராயம் விற்றது கிடையாது. ஆனால் ஏழெட்டு கேஸ் ஆனதும் ஸ்டேஷன் நோட்டில் அது 'சாராய வியாபாரி' ஆகிவிட்டது. ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போனாலும், தோப்பில் தேங்காய் காணாமல் போனாலும் முதலில் சித்தப்பாவைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை திரும்பி வந்தபோது இடது கையைத் தூக்க முடியவில்லை. அப்புறம் பறையும் அடிக்க முடியவில்லை. "பொய்க் கேசுக்குப் போனவனுக்கு நெஜக் கள்ளன் பேரு வந்துட்டுது" என்று சித்தி இன்றைக்கும் சொல்லும்.

பால்டிமோரில் 275, எங்கள் ஊரில் மாசத்துக்கு ரெண்டு. எண்ணுக்காக நடக்கும் போலீஸ் எங்கேயும் ஒன்றுதான். எண் யார் உடம்பில் எழுதப்படுகிறது என்பதும் ஒன்றுதான். அந்தத் தொடரைப் பார்த்து நம்ம தெரு என்று பையனுக்குத் தோன்றியதில் தப்பில்லை.

சித்தப்பாவின் பறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போக வேண்டும், பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும். அதற்குக் கூலி என்று கொடுத்ததில் பணம் கொஞ்சம், சாராயம் மீதி. ராத்திரி முழுக்க அடிக்க வேண்டுமே, ஊற்றிக் கொடுப்பார்கள். தட்டிக் கேட்டால் "குடிக்காம உனுக்கு அடிக்க வருமாடா" என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கையில் ஊற்றிக் கொடுத்த அதே ஊர்தான், குடிகாரச் சாதி என்றும் சொல்கிறது. நம் குடியை ஆராய வருகிறவர்கள் முதலில் அந்தக் கூலிக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.

*

கால்வினின் காகிதப் பை ஒரு சமாதானம். ஏழைக்கும் போலீசுக்கும் நடுவில் நடந்த கௌரவமான ஒப்பந்தம் போல அவர் சொல்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது போலீஸ் நாற்காலியிலிருந்து பார்த்த காட்சி. பையை வைத்துக்கொண்டு குடிக்கிறவன் அந்த அறையில் இல்லை. பைக்குள்ளே இருப்பது என்ன, அதை யார் விற்றது, குடித்தவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று அந்தப் பேச்சு கேட்கவில்லை.

எங்கள் பக்கம் அந்தப் பையின் பெயர் பாக்கெட். கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் விற்ற இடம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. டாஸ்மாக் குவார்ட்டரின் பாதி விலைகூட இல்லை. விற்றதாகப் பிடிபட்டவர்மீது முன்பே பல வழக்குகள் இருந்தன. வழக்கும் நடக்கிறது, விற்பனையும் நடக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. என் சித்தப்பா காலத்து ஏற்பாடு அப்படியே பெரிதாக வளர்ந்து நின்றது.

2024 ஜூன் 18, 19இல் சாவு தொடங்கியது. வயிற்று வலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று சனங்கள் ஓடிவந்தார்கள். சாராயத்தால் வந்த சாவு இல்லை என்றுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. அதை நம்பி, சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள் என்று சனங்கள் சொன்னார்கள், பத்திரிகைகளிலும் வந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகப் பாடை. ஒரே தெருவில் எந்தச் சாவுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நின்றார்கள். மாதவச்சேரியிலும் சாவு. 2015 ஆகஸ்டில் நம் மக்களின் தேரைக் கொளுத்தினார்களே, அந்தச் சேஷசமுத்திரத்திலும் சாவு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனைகள் நிறைந்தன. 65க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெண்களும் உண்டு, திருநங்கை ஒருவரும் உண்டு. அதற்கு முந்தின ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20க்கும் மேற்பட்டோர் இதே மாதிரி செத்தார்கள். அதிலிருந்து யாரும் ஒன்றும் கற்கவில்லை.

கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. பெயின்ட், ரசாயன வேலைக்கு வைத்திருப்பது. உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் முதலில் கண் நரம்பைத் தின்கிறது, பிறகு உயிரை. சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து மாற்று மருந்தும் டயாலிசிஸும் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். அதனால்தான் "சாராயத்தால் இல்லை" என்ற அந்த முதல் பேச்சு சாதாரணப் பேச்சு இல்லை. அது தின்றது நேரத்தை. 'கைதி' படத்தில் லாரியை மறித்தவர்கள் செய்ததும் அதைத்தான்.

ஆட்சியரை மாற்றினார்கள், எஸ்.பி.யைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஒரு நபர் ஆணையம் போட்டார்கள். மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். நவம்பர் 20 அன்று உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. போலீசின் பங்கைப் பற்றி நீதிமன்றம் கடுமையாகவே பேசியது. மேல்முறையீட்டை டிசம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளியது.

இதற்கு நடுவில் வழக்கமான இன்னொரு காட்சியும் நடந்தது. போலீஸ் மலை ஏறியது. கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று தினமும் செய்தி, பானையைக் கவிழ்க்கும் படம். மலையில் காய்ச்சுவது வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்த சாராயம். அது நல்லது என்று நான் சொல்லவில்லை. அதனால் அழிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் தொழிற்சாலை மெத்தனால் மலையில் விளைவதில்லை. அது கீழே இருந்து, தார்ச்சாலை வழியாக, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வருவது. அதைத் தேடுவதைவிடப் பானையைக் கவிழ்ப்பது சுலபம், படமும் நன்றாக வரும்.

அந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தார்களின் கீழ் கிடந்தார்கள். 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. கருணாபுரத்துக்குப் பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, மலைமக்களுக்குச் சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்று அரசைக் கேட்க ஆரம்பித்தது. கேட்பதற்கு 65 பிணம் வேண்டியிருந்தது. கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலை, அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அங்கே புகுந்தன. 18 பெண்களை என்ன செய்தன என்பதை 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பாகவே எழுதியது, 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கேயும் கதை கடத்தல் பிடிக்கும் கதைதான். சினிமாவில் ரெய்டு என்றால் விறுவிறுப்பு. மலையில் ரெய்டு என்றால் என்ன என்று வாச்சாத்திப் பெண்களைக் கேட்க வேண்டும்.

*

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்தப் பால்டிமோர்ப் பகுதியைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். அந்தத் தொடருக்கு ஒரு நேர்மை இருக்கிறது. கால்வினின் யோசனையை அது தெய்வ வாக்காக வைத்துவிடவில்லை. பையன் ஊருக்குப் போவதற்குள் அந்த வரிசையின் மீதிப் பகுதிகளையும் பார்த்துவிட்டேன். ஆளில்லாத தெருக்களை ஒதுக்கி, இங்கே விற்றுக்கொள்ளுங்கள், பிடிக்கமாட்டோம் என்கிறார் கால்வின். மற்றத் தெருக்களில் கிழவிகள் நிம்மதியாக வாசலில் உட்காருகிறார்கள். ஒதுக்கிய தெருவோ நரகமாகிறது. ஒரு பெரியவர் வந்து, இவர்களுக்குத் தண்ணி இல்லை, மருந்து இல்லை, கழிப்பறை இல்லை என்று சண்டை போட்ட பிறகுதான் சுகாதார ஊழியர்கள் வருகிறார்கள். ஜானி என்ற போதைக்காரப் பையன் அங்கேயே ஒரு பாழடைந்த வீட்டில் செத்துக் கிடக்கிறான். மேலிடத்துக்குத் தெரிந்ததும் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்குகிறார்கள். கால்வின் பதவி இறக்கப்பட்டு வெளியேறுகிறார்.

கண்ணை மூடிக்கொள்வது தீர்வு இல்லை, கண்ணை மூடிய இடத்தில்தான் ஜானி சாகிறான் என்று தொடருக்கே தெரிந்திருக்கிறது. நம் படங்களுக்கு இது தெரியவில்லை. ஆனால் தொடருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. கால்வின் கொண்டுவரும் ஏற்பாடு நல்லெண்ணத்தில் பிறக்கிறது, அதில் அவர் ஒரு காசும் தொடவில்லை. எங்கள் ஏற்பாடு காசில் பிறந்தது. சித்தி கேட்டது அதைத்தான். அங்கே ஒரு நல்ல அதிகாரி சட்டத்தை வளைக்கிறார். இங்கே சட்டத்தைச் செய்ததே வளைப்பதற்குத்தானோ என்று சந்தேகம் வருகிறது.

சட்டத்தின் கதையைப் பாருங்கள். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கலைஞர் அரசு தளர்த்தியது. நிக்சன் அமெரிக்காவில் போதைக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததும் அதே ஆண்டு. 1974இல் இங்கே மறுபடி மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொள்ள வைத்தது. திறந்தாலும் மூடினாலும் சேரிக்கு வந்த போலீஸ் வந்துகொண்டேதான் இருந்தது. மூடியபோது காய்ச்சினாய் என்று வந்தது. திறந்தபோது அரசு சரக்கை விட்டு வேறு குடித்தாய் என்று வந்தது.

அம்பேத்கர் இதைப் பார்த்திருக்கிறார். முதல் பொதுத் தேர்தலுக்கு முன்னால் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் 1951இல் வெளியிட்ட அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. வருமானமும் போகிறது, போலீஸ் செலவும் ஏறுகிறது, குடியும் நிற்கவில்லை, வீட்டுக்குள்ளேயே காய்ச்சுவதால் பெண்களும் பிள்ளைகளும்கூட அதில் இழுக்கப்படுகிறார்கள் என்பது அதன் வாதம். நம் தோழர்களில் பலர் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்கு நம் பெண்கள் திரளாகப் போனார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். தினம் அடிவாங்குகிறவளுக்குக் கடையை மூடு என்று கேட்க உரிமை இருக்கிறது. அம்பேத்கரையும் அந்தப் பெண்களையும் எதிரெதிராக நிறுத்தி நாம் பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லாபம் ஒரு பக்கம் போகிறது, பிணம் ஒரு பக்கம் வருகிறது. அந்த ஏற்பாட்டை உடைக்காமல் கடையை மூடினால் பாக்கெட் வரும், திறந்தால் குவார்ட்டர் வரும்.

எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போலீசும் போதையும் பற்றிய கதை நம் கதை. அதை நம்மை விட்டுவிட்டு எடுக்கிறார்கள். நல்ல போலீஸ், கெட்ட போலீஸ் என்று இரண்டு பேரை நிறுத்தி முடித்துவிடுகிறார்கள். கேசுக்குப் போனவனின் கதையை யார் எடுப்பது? சாவு வீட்டில் குடித்துச் செத்தவனின் பெண்சாதி, அடுத்த வாரம் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாளே, அந்தக் காலைப்பொழுதை யார் எடுப்பது? பால்டிமோர்க்காரன் தன் தெருவை 60 பகுதிகளுக்கு உட்கார்ந்து பார்த்தான். நாம் ஒரு பகுதிக்காவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். போலீஸ் நாற்காலியிலிருந்து இல்லை, புளியமரத்துக்கு இந்தப் பக்கமிருந்து.

பையன் மடிக்கணினியை மூடியபோது சித்தி கேட்டது: "அந்தப் பெரிய போலீசுக்காரரு பேசினாரே, அப்ப குடிக்கிற ஆளு எங்கடா இருந்தான்?"

"அவனக் காட்டல சித்தி" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சித்தி எழுந்து திண்ணைக்குப் போய்விட்டது.